தங்கத்தை எண்ணினால் காசநோய் தெரியுமா?

நானோ என்ற சொல் ஒட்டிக்கொண்டால் போதும், பலர் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். (அந்தப் பெயரில் வந்த டாடா காரின் உற்பத்தி 2018ல் நின்றுபோனது வேறு கதை.) இப்போது அந்தச் சொல் ரத்தப் பரிசோதனைக்குள் வந்திருக்கிறது. சரக்கு உண்மையிலேயே நல்ல சரக்கு. அதை ஆய்வுக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்குக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்களோடுதான் சண்டை.

விஷயம் இதுதான். எலைசா பரிசோதனையில் கிருமியின் புரதத்தை ஓர் ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும். அதன்மேல் இன்னொரு ஆன்டிபாடி வந்து உட்காரும். அதில் கட்டிய என்சைம் நிறம் காட்டும். புரதம் மிகக் குறைவாக இருந்தால் நிறம் தெரியாது. என்சைமுக்குப் பதில் ஒரு தங்க நானோதுகளைக் கட்டிவிட்டால்? 20 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே துகளில் சுமார் இரண்டரை லட்சம் தங்க அணுக்கள். கடைசியில் அமிலத்தில் கரைத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்பினால், அது தங்கத்தை மட்டும் எடையால் பிரித்து எண்ணிவிடும். ஒரு புரதத்துக்கு இரண்டரை லட்சம் சாட்சி! மனித ரத்தத்தில் தங்கம் அநேகமாக இல்லை என்பதால் குழப்பமும் குறைவு. (தங்க பஸ்பம் சாப்பிடுகிற தாத்தாக்கள் கவலைப்பட வேண்டாம், நடுவில் கழுவிவிடுவார்கள்.) சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் 2002லேயே இந்த முறையைச் செய்து காட்டிவிட்டார்கள்.

ஆனால் இயந்திரம் எண்ணுவது தங்கத்தை, நோயை அல்ல. ஆன்டிபாடி தவறான புரதத்தில் ஒட்டினாலும், தட்டின் சுவரில் ஒட்டினாலும், அந்தத் தங்கத்தையும் அதே துல்லியத்தோடு எண்ணித் தரும். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குக் காசநோய் என்று வையுங்கள். பத்துப் பேரையும் பிடிக்கிற பரிசோதனை, நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாகக் காட்டினால்? 990ல் ஏறக்குறைய 50 பேர். ஆக 60 பேர் கையில் 'பாசிட்டிவ்' சீட்டு, அதில் 50 பொய். ஆறு மாத மாத்திரை, போன வேலை, நின்ற கல்யாணம் எல்லாம் யார் கணக்கில் எழுதுவது?

இது கற்பனைப் பயம் இல்லை. காசநோய்க்கான ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனைகள் இந்தியாவில் பல வருடம் சக்கைப்போடு போட்டன. பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானவை, அங்கீகாரம் பெற்ற எந்தக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஒப்புதல் தராதவை. நம்பவே முடியாது, பயன்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2011 ஜூலையில் சொன்னது. 2012ல் இந்திய அரசு தடை போட்டது. இவை தேடியது கிருமியை அல்ல, உடம்பு தயாரித்த ஆன்டிபாடியை. அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் வியாபாரம் அதேதான். கம்பெனிக்கு லாபம், லேபுக்கு லாபம், அனுப்புகிறவருக்குக் கமிஷன். நஷ்டம் ஒரே ஒரு ஆளுக்கு, ஊசி குத்திக்கொண்டவருக்கு.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. 1968ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில், பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, எதில் மருந்து எதில் வெறும் திரவம் என்று. மூன்றரை லட்சம் பேருக்கு மேல் கணக்கெடுத்து, 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். அதை மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள். உலகமெங்கும் பாடப்புத்தகத்தில் 'செங்கல்பட்டு சோதனை' என்று பெயர் நிற்பது அதனால்தான்.

இயந்திரம் இல்லையே என்று ஜல்லியடிக்கவும் முடியாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் புதுச் சரக்கு இல்லை. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வந்தால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. அமிலத்தில் கரைத்த தங்கத்தில் கிருமி பிழைக்காது, ஒரு வேனில் எடுத்துப் போகலாம். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இத்தகைய கள ஆய்வு கைவந்த கலை. சளி துப்பிக் கொடுக்கத் தெரியாத சின்னக் குழந்தைகளிடமிருந்து தொடங்கட்டும். ஒரு துளி ரத்தத்தில் விடை கிடைத்தால் அதிகம் பயன்பெறுவது அவர்கள்தான். நோயுள்ளவர், இல்லாதவர், வேறு இருமல் உள்ளவர் எல்லாரையும் சேர்த்து, யார் எவர் என்று சொல்லாமல் சோதிக்கட்டும். பூஜ்யம் வந்தால் பூஜ்யம் என்றே அச்சில் போடட்டும். அதுவரை எந்த லேப் வாசலிலும் இதற்கு விலைப்பட்டியல் தொங்கக் கூடாது.