லோரெட்டா லின்: வீட்டுக்குள்ளிருந்து வந்த குரல்

2022 அக்டோபர் 4 அன்று, டென்னசி மாநிலத்தின் ஹரிக்கேன் மில்ஸில் உள்ள தம் இல்லத்தில் லோரெட்டா லின் காலமானார். வயது 90. நிறைவாழ்வுதான். ஆயினும் அமெரிக்கக் கன்ட்ரி இசையில் தோய்ந்தவர்களுக்கு அந்த வெறுமை இன்னும் அடைபடவில்லை. அவருடைய இசைத்தட்டுகளோடு நெடுங்காலம் வாழ்ந்த ரசிகனாகிய எனக்கு, அப்போது வெளியான அஞ்சலிகள் பல நிறைவளிக்கவில்லை. வறுமையை வென்று சிகரம் தொட்டவர் என்பதோடு அவை நின்றுவிட்டன.

அந்தக் கதை பொய்யல்ல. கெண்டக்கியின் புட்சர் ஹாலோவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர் அவர். பதினைந்து வயதில் திருமணம். இருபது வயதுக்குள் நான்கு குழந்தைகள். 1970இல் வெளியான 'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாடலும் அதே பெயரில் 1980இல் வந்த திரைப்படமும் இக்கதையை உலகறியச் செய்தன. ஆனால், வறுமையிலிருந்து வந்தவர்களுக்குக் கன்ட்ரி இசையில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை.

லின்னின் தனித்தன்மை வேறிடத்தில் இருக்கிறது. பெண்ணைக் குற்றஞ்சாட்டும் ஆண்களின் பாட்டுக்கு 1952இலேயே மறுமொழி பாடியவர் கிட்டி வெல்ஸ். லின் அந்த வழக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தார். 1966இல், குடித்துவிட்டு வரும் கணவனிடம் ஆசையோடு நெருங்காதே என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லும் பாடல். 1972இல், மணவிலக்குப் பெற்றவளை ஊர் பார்க்கும் பார்வையைப் பற்றிய 'ரேட்டட் எக்ஸ்'. கருத்தடை மாத்திரையைப் பற்றிய 'தி பில்' 1972இல் பதிவாகியும் 1975இல்தான் வெளிவந்தது. வானொலி நிலையங்கள் பல அதை ஒலிபரப்ப மறுத்தன. எனினும் அது கன்ட்ரி தரவரிசையில் ஐந்தாம் இடத்தை எட்டியது. ஆண்டுதோறும் பிள்ளை பெற்றுச் சலித்த ஒரு மனைவி, கோழி வளர்ப்பவளின் சொற்களைக் கொண்டு கணவனைக் கேலி செய்யும் பாட்டு அது. அழுகையோ பிரசங்கமோ அதில் இல்லை. பாடலை எழுதியவர்கள் வேறு சிலர். ஆறு பிள்ளைகளைப் பெற்ற லின் பாடியதால்தான் அதற்கு அத்தனை அதிகாரம் வந்தது.

இதை வைத்து அவரைப் பெண்ணியப் போராளியாக நிறுவ முனைவோரும் உண்டு. அந்த அடையாளத்தை அவர் விரும்பி ஏற்றதில்லை. பாடல்களில் அத்தனை சண்டைக்கும் காரணமான கணவர் டூலிட்டிலுடன், 1996இல் அவர் இறக்கும்வரை, 48 ஆண்டுகள் வாழ்ந்தார். 2016 தேர்தலில் டிரம்ப்பை ஆதரித்தார். அவருடைய ரசிகர்களில் என்னைப் போன்ற பலருக்கு இது உவப்பாக இல்லை. ஆனால் இம்முரண்களை மறைத்துவிட்டு எழுதும் அஞ்சலி அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. திருமணத்தை விட்டு வெளியேறியவர்களுக்காகப் பேசப் பலர் இருந்தார்கள். வெளியேறாமல், உள்ளே இருந்தபடியே கணக்குக் கேட்ட கோடிக்கணக்கான பெண்களின் பேச்சைப் பாட்டாக்கியவர் லின்.

சிலையாக்கினால் அந்தக் குரலின் கூர்மை மழுங்கிவிடும். கேட்டால் போதும், இன்றும் அது சுடுகிறது.