முதலில் யார் மூச்சடக்குவது?

மூச்சை எப்படி இழுப்பது, எப்படி விடுவது என்று ஊராருக்குச் சொல்லிக்கொடுக்க இப்போது ஆளுக்குப் பஞ்சமில்லை. மார்கழி பிறந்ததும் அடுக்கடுக்காகத் தும்முகிறவனும், விடியற்காலையில் மார் அடைத்து எழுந்து உட்காருகிறவளும் ஆசனமும் பிராணாயாமமும் பழகினால் போதும், மருந்தே வேண்டாம் என்கிறார்கள். இந்த உபதேசத்தை எர்ணாவூருக்கும் சுமந்து வருகிறார்கள். அங்கேதான் எனக்கு ஆட்சேபம்.

யோகத்தின் மேல் எனக்குப் பகையில்லை. கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவும் ஜலநேதி, ஒவ்வாமைத் தும்மலை ஓரளவு தணிக்கும் என்று இன்றைய வைத்தியர்களும் ஒப்புகிறார்கள். நிதானமாக மூச்சு விடப் பழகிய ஆஸ்துமாக்காரருக்குக் கொஞ்சம் சௌகரியம் உண்டு. ஆனால் அதெல்லாம் மருந்துக்குத் துணை. இழுப்பு வந்து தவிக்கிறவளின் கையிலிருந்து இன்ஹேலரைப் பிடுங்கிவிட்டு நாடிசுத்தி செய்யச் சொல்வது எந்த வைத்தியத்திலும் சேர்த்தியில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. எந்தக் காற்றை இழுக்கச் சொல்கிறீர்கள்? எர்ணாவூருக்கு மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வடக்கே அனல்மின் நிலையங்கள். கிழக்கே கடலோர நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள். குளிர்கால இரவில் காற்று அசைவதில்லை. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் கவிழ்ந்துகொள்ள, புகை மேலே போக வழியின்றி வீட்டு வாசலிலேயே தங்கிவிடுகிறது. போகியன்று கொளுத்தும் டயர்ப் புகையும் அதோடு சேரும். பூந்துகளுக்குத் தும்முகிறவன் வேறு, இதற்கு இருமுகிறவன் வேறு. இருவரையும் 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லில் முடிந்துவைத்தால் ஆலைக்காரருக்குத்தான் சௌகரியம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அன்றிரவு அவர்கள் ஆழ்ந்து மூச்சிழுத்திருக்க வேண்டுமா என்பதை உபதேசிகள்தாம் சொல்லவேண்டும்.

இவர்களைவிட யோக நூல்களுக்கு விவேகம் அதிகம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை, மூச்சைப் பற்றிப் பேசுமுன் இடத்தைப் பற்றிப் பேசுகிறது. நல்லாட்சி நடக்கும் நாட்டில், உபத்திரவம் இல்லாத இடத்தில், சுத்தமான சிறு குடிலில் பழகவேண்டுமாம். முறைதவறிப் பழகினால் விக்கலும் இருமலும் இரைப்பும் வரும் என்றும் எச்சரிக்கிறது. அந்த ஏட்டைப் புரட்டாமலே அதன் பெயரால் வியாபாரம் நடக்கிறது.

வருஷாவருஷம் ஜூன் 21 அன்று யோகா தினம் கொண்டாடுகிறோம், தாராளமாகக் கொண்டாடலாம். ஆனால் எர்ணாவூரில் பிராணாயாமம் பழகவேண்டியவை புகைபோக்கிகள். முதலில் அவை மூச்சை அடக்கட்டும். பிறகு ஜனங்கள் பாய் விரித்து உட்காருவார்கள்.