ஆண்மை ஊசியும் குழந்தைப் பேறும்

குழந்தைப் பேறு தள்ளிப்போகிறது என்று முதலியார்பேட்டையிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் எங்களிடம் வரும் தம்பதியரில், பெரும்பாலும் மனைவியின் கையில் தடித்த கோப்பு ஒன்று இருக்கும். கணவரிடம் ஒரு தாள்கூட இராது. அவருடைய விந்தில் அணுக்களே இல்லை என்று தெரியவந்த பிறகே, சிலர் தயங்கித் தயங்கி டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டுக்கொண்டதைச் சொல்கின்றனர். உடற்கட்டுக்காகப் போட்டவர் உண்டு. ஆண்மை கூடினால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிப் போட்டவரும் உண்டு.

அந்த நம்பிக்கை ஏன் பொய்க்கிறது என்பதை விந்தகத்தின் செல்களே விளக்கும். அதன் நுண்குழல்களுக்கு வெளியே உள்ள லீடிக் செல்கள் கொலஸ்டிராலிலிருந்து டெஸ்டோஸ்டீரோனை உண்டாக்குகின்றன. குழல்களுக்குள் உள்ள செர்டோலி செல்கள் அதை ஏற்று, விந்தணுக்களை வளர்க்கின்றன. வளரும் அணுக்களால் அந்த ஹார்மோனை நேரே ஏற்க இயலாது. செர்டோலி செல்களே அவற்றுக்குச் செவிலித்தாய். ஹார்மோனின் ஒரு பகுதி விந்தகத்திலேயே ஈஸ்ட்ரோஜனாகவும் மாறுகிறது. பெண்ணுக்கே உரியது என்று நாம் எண்ணும் பொருள் ஆணுக்கும் தேவைப்படுகிறது!

இவ்வளவும் நடைபெற, விந்தகத்தினுள் டெஸ்டோஸ்டீரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு செறிந்திருத்தல் வேண்டும். ஊசியோ இரத்தத்தின் அளவை மட்டுமே உயர்த்துகிறது. அதைக் கண்ட பிட்யூட்டரி சுரப்பி, விந்தகத்தை ஏவும் தன் ஹார்மோன்களைக் குறைத்துவிடுகிறது. லீடிக் செல்கள் ஓய்கின்றன. உள்ளே செறிவு வற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது: வாரந்தோறும் 200 மில்லிகிராம் ஊசி பெற்ற 271 பேரில் 157 பேருக்கு விந்தணுக்கள் முற்றிலும் மறைந்தன. கருத்தடைக்கென ஆராயப்பட்ட மருந்தைப் பிள்ளை வேண்டிப் போட்டுக்கொள்வதை என்னென்பது?

மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து இது, ஆயினும் கைமாறுகிறது. குறை எங்கள் தரப்பிலும் உண்டு. மனைவிக்குப் பல பரிசோதனைகளை எழுதும் நாங்கள், கணவரிடம் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. இருவரையும் ஒரே நாளில் பரிசோதிப்பதே முறை என்பது எங்கள் கருத்து.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணுக்கள் மீள்கின்றன. அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகலாம். நோய்க்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசியாயின் தாமாக நிறுத்த வேண்டாம். பிள்ளை வேண்டும் என்பதை அவரிடம் சொல்லுங்கள், வேறு மருந்துகள் உள்ளன. அடுத்த முறை வருகையில் அந்த மருந்துப் பெட்டியையும் கோப்போடு எடுத்து வாருங்கள்.