மண்ணுக்கும் குருதிக்கும் ஒரே சொல்

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பொதுநலவாய நாடுகளின் தலைவர்கள் சமோவாவின் தலைநகரான ஆப்பியாவிற் கூடிச் சமுத்திரப் பாதுகாப்புப் பற்றிய பிரகடனமொன்றை வெளியிட்டனர். இத்தகைய பிரகடனங்களில் கடல் ஒரு வளம். மண்ணும் ஒரு வளம். மாநாடு நடந்த அத்தீவினரின் மொழியிலோ மண் வேறொன்றாக இருக்கின்றது. அவ்வேற்றுமையை அங்குள்ள கிறிஸ்தவ அறிஞர் சிலர் ஆதியாகமத்தின் படைப்புக் கதைகளுக்குள்ளேயே கொண்டுசென்று பார்க்கின்றனர். அம்முயற்சி நம்மவர் கவனத்துக்கும் உரியது என்பது என் கருத்து.

இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஜோன் வில்லியம்ஸ் சவாயித் தீவிற் கரையிறங்கியது 1830இல். கால் நூற்றாண்டுக்குள் வேதாகமம் முழுவதும் சமோவ மொழிக்கு வந்துவிட்டது. 2017இல் அந்நாடு தன்னைக் கிறிஸ்தவ நாடென்று அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. ஆகவே, ஆதியாகமத்தை எவ்வாறு வாசிப்பது என்னும் வினா அங்கே தேவாலய வாயிலோடு நின்றுவிடுவதில்லை. காணி வரைக்குஞ் செல்கின்றது.

சமோவ மொழியில் 'ஃபனுவா' என்றால் நிலம், நஞ்சுக்கொடியும் அதுவே. 'எலெஎலெ' என்றால் மண்; குருதியும் அதுவே. பிறந்த பிள்ளையின் நஞ்சுக்கொடியை மண்ணிலே புதைப்பது மரபு. நாம் மேடைகளிலே 'தொப்புள்கொடி உறவு' என உவமை சொல்லிக் கைதட்டல் பெறுகின்றோம். அவர்கள் அதனை அகராதியிலேயே வைத்திருக்கின்றனர். பழங்கதையும் இதற்கு இயைந்தது. தங்கலோவா என்னுந் தெய்வம் அனுப்பிய பறவை தங்குதற்குப் பாறை எழுகின்றது, பாறையிற் கொடி படர்கின்றது, கொடி அழுகப் புழுக்கள் தோன்றுகின்றன, புழுக்கள் மனிதராகின்றன. வமிச வரிசைப்படி கொடியும் புழுவும் மனிதனுக்கு மூத்தோர். இத்தகைய கதைகளை அச்சேற்றிக் காத்தவருள் ஜோர்ஜ் டேர்னர் போன்ற மிஷனரிமாரும் உளர் என்பதை நன்றியோடு சொல்லவேண்டும்.

நிற்க. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம் பூமியைக் கீழ்ப்படுத்தி ஆளும் உரிமையை மனிதனுக்கு வழங்குகின்றது. மேலைநாட்டார் இயற்கையைச் சூறையாடுதற்கு இவ்வெண்ணமே வித்திட்டதென அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட் 1967இல் எழுதினார். சமோவ வாசகனோ இரண்டாம் அதிகாரத்திலே தன் வீட்டைக் காண்கின்றான். அங்கே மனிதன் மண்ணினின்றும் உருவாக்கப்படுகின்றான். எபிரேயத்தில் மனிதன் 'ஆதாம்', மண் 'அதமா', குருதி 'தம்'. அங்கே ஒலியால் நெருங்கி நிற்பவை சமோவ மொழியில் ஒரு சொல்லாகவே ஒன்றிவிடுகின்றன. தோட்டத்தைப் பண்படுத்துதல் எனப் பெயர்க்கப்படும் எபிரேயச் சொல்லுக்கு ஊழியஞ் செய்தல் என்றும் பொருளுண்டு. 2000இல் வெளிவந்த நூலொன்றில் அமாமலேலே தொபாயேனோ படைப்பு முழுவதையும் 'ஐங்கா', அதாவது குடும்பம், என்றே கொண்டார்.

அப்படியாயின் முதலாம் அதிகாரத்தின் ஆட்சியுரிமையை என்செய்வது? எனக்குத் தோன்றும் விடை இது. சமோவக் குடும்பத்தின் தலைவன் 'மாத்தாய்' எனப்படுவான். காணி அவன் பொறுப்பில் இருக்கும்; விற்பதற்கு அவனுக்கு உரிமையில்லை. நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்களவு இத்தகைய மரபுவழிக் காணியே. அதனை விற்பதை அரசியலமைப்பும் தடுக்கின்றது. ஆதாமும் ஒரு மாத்தாய் எனக் கொண்டால் இரு அதிகாரங்களும் முரண்படா.

ஆயினும், இவ்வாசிப்பை மெச்சுவோர் மறந்துவிடுஞ் செய்தியொன்று உண்டு. சவாயியின் மேற்கு முனையில் ஃபலேயலூப்போ என்றொரு கிராமம். 1980களின் பிற்பகுதியில், புதிய பள்ளிக்கூடங் கட்டாவிடின் ஆசிரியரை இழக்க நேரும் என்ற நிலை அதற்கு ஏற்பட்டது. பணமில்லை. மழைக்காட்டை வெட்டும் உரிமையை மரக் கம்பனியொன்றுக்கு விற்கத் தலைவர்கள் உடன்பட்டனர். மண்ணும் குருதியும் ஒன்றென்னும் மொழியைப் பேசியோர்தாம் அவர்களும். ஞாயிறுதோறும் வேதாகமம் கேட்டோர்தாம். அங்கு மூலிகை ஆராய்ந்துகொண்டிருந்த போல் கொக்ஸ் பள்ளிக்கூடத்துக்கான பணத்துக்குத் தாம் பொறுப்பேற்ற பின்னரே வெட்டு நின்றது. 1997இல் அவருக்கும் கிராமத் தலைவர் ஃபுயோனோ செனியோவுக்கும் கோல்ட்மன் சுற்றாடற் பரிசு கிடைத்தது.

அத்தலைவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் படிப்பா, காடா என்று ஒரு கிராமத்தைத் தெரிவுசெய்ய வைத்த கணக்கு ஆதியாகமத்தில் எழுதப்பட்டதன்று. சமோவ இறையியலாளர் எவரேனும் அந்தப் பள்ளிக்கூடத்தையும் படைப்புக் கதையோடு சேர்த்து வாசித்து நூலெழுதுவாராயின், அதனை முதலில் வாங்குவோருள் நானும் ஒருவனாவேன்.