வாப்பாவுக்கு மட்டும் தனிக் கோப்பையா?

சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம் எங்கள் வளவில் பாபிகியூ போட்டோம். கச்சான் காற்று தணிந்து, துறைமுகப் பக்கமிருந்து கடல் காற்று வரத் தொடங்கிய நேரம். கிண்ணியாவிலிருந்து மாமிமார், கொழும்பிலிருந்து சாச்சாவின் குடும்பம், பக்கத்து வீட்டார் என்று முப்பது பேர் வரை இருந்தோம். தகரப் பீப்பாய் ஒன்றை இரண்டாகப் பிளந்து, அதன்மேல் கம்பிவலை வைத்துச் சிரட்டைக்கரி மூட்டியிருந்தார்கள். குர்பான் இறைச்சி, கோழிக்கால், கடையில் வாங்கிய சொசேஜஸ், ஒரு கூடை நிறைய பணிஸ், மயோனைஸ், சோஸ், மூன்று பெரிய சோடாப் போத்தல்கள். இன்றைக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் கோடை விடுமுறையின் பாபிகியூ என்றால் இந்தப் பட்டியல்தான்.

வாப்பா லொறி ஓட்டுபவர். ஆறு வருடமாக அவருக்குச் சீனி வருத்தம். எல்லோரும் நெருப்பைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருக்க, அவர் மாமரத்தடியில் கதிரை போட்டு இருந்தார். உம்மா குசினியிலிருந்து ஒரு கோப்பையை மூடிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். குரக்கன் பிட்டும் அவித்த மரக்கறியும். வாப்பா மூடியைத் திறந்து பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார், திரும்பவும் மூடி வைத்தார்.

சாச்சாவுக்கு மனம் கேட்கவில்லை. "ஒரு நாளைக்குத்தானே காக்கா, சாப்பிடுங்க" என்று இரண்டு கோழிக்காலும் பணிஸும் வைத்துக் கொடுத்தார். யாரோ சோடாவும் ஊற்றினார்கள். வாப்பா சந்தோசமாகச் சாப்பிட்டார். மறுநாள் காலை வீட்டு மீற்றரில் அவருடைய சீனி 300 ஐத் தாண்டியிருந்தது. உம்மா வாப்பாவை ஏசினார். வாப்பா சாச்சாவைக் குறை சொன்னார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனதில் தங்கிவிட்டது. நாங்கள் அவருக்குக் கொடுத்தவை இரண்டே இரண்டு வழிகள். தனியே இருந்து அவித்த மரக்கறி சாப்பிட வேண்டும், அல்லது எங்களோடு சேர்ந்து நோயைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி ஒன்று இல்லையா?

இருக்கிறது என்பதுதான் என் கருத்து. நோயாளியின் கோப்பையை மாற்றுவதை விட்டு, எல்லோருக்கும் பொதுவான அந்த அடுப்பை நாங்கள் மாற்ற வேண்டும்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கதை என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் தொற்றா நோய்களால் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, வயது வந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாகக் கண்டது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எங்கள் மாகாணம் அந்தக் கணக்கில் இல்லை என்பதற்காக எங்கள் வீடுகளில் நோய் இல்லை என்றாகிவிடாது. உங்கள் ஒழுங்கையில் மாதா மாதம் கிளினிக் கொப்பியோடு போகிறவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் பாபிகியூவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. எண்ணெயில் பொரிப்பதைவிடத் தணலில் சுடுவது பல வகையில் நல்லது. இறைச்சியிலுள்ள கொழுப்பும் கொஞ்சம் உருகி வடிந்துவிடும். பிழை சுடுவதில் இல்லை, சுடும் விதத்தில் இருக்கிறது.

உயிரியல் பிரிவில் படிப்பதால் இதைத் தேடி வாசித்தேன். உருகும் கொழுப்பு எரியும் கரியில் சொட்டும்போது புகை எழும்புகிறது. அந்தப் புகையில் பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்கள் எனப்படும் சேர்வைகள் உண்டு. அவை புகையோடு மேலேறி இறைச்சியில் படிகின்றன. இது ஒன்று. இறைச்சியிலுள்ள அமினோ அமிலங்களும் கிரியற்றினும் மிகை வெப்பத்தில் தாக்கமுற்று வேறு சில தீய பொருட்களை உண்டாக்குகின்றன. இது மற்றொன்று. இவை இரண்டும் விலங்குகளில் புற்றுநோயை ஏற்படுத்துவதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். நெருப்பு கொழுந்துவிட்டு எரிய எரிய, இறைச்சி கரியக் கரிய, இரண்டுமே கூடும்.

சொசேஜஸின் கதை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 ஒக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் பட்டியலில் சேர்த்தது. நாளாந்தம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஏற்படும் அபாயம் 18 வீதத்தால் கூடும் என்றும் சொன்னது. இது தினமும் சாப்பிடுகிறவர்களுக்கான கணக்கு. ஒரு நாள் சாப்பிட்டவர் பயப்படத் தேவையில்லை. ஆனால் குர்பான் இறைச்சி வீடு நிறைய இருக்கும்போது, காசு கொடுத்து சொசேஜஸ் வாங்குவது எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வாப்பாவின் சீனியைக் கூட்டியது இறைச்சியும் அல்ல. கோழியில் மாச்சத்து இல்லை. கூட்டியவை பணிஸும் சீனி கலந்த சோஸும் சோடாவும். 2016 ஓகஸ்ட் முதல் எங்கள் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப நிற அடையாளம் இட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அப்படிப்பட்ட பானத்தில் 400 மில்லிலீற்றர் குடித்தால் ஒன்பது தேக்கரண்டிக்குக் குறையாத சீனி உள்ளே போகிறது. சிவப்பு அடையாளத்தைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் ஊற்றிக் குடிக்கிறோம்.

இதற்கெல்லாம் மருந்து எங்கள் மூத்தம்மாவிடம் இருந்தது. அவர் 'பாபிகியூ' என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே மீன் சுட்டவர். கொட்டியாரக்குடாவில் பிடித்த விளைமீனோ பாரையோ வந்தால், கீறிவிட்டு மஞ்சள், மிளகு, உள்ளி, கொஞ்சம் உப்பு போட்டு, தேசிக்காய் பிழிந்து ஊறவைப்பார். பிறகு வாழையிலையில் சுற்றித் தணலில் வைப்பார். நான் அவசரப்பட்டால், "கொழுந்து எரியக்குள்ள வைக்காத புள்ள, சாம்பல் பூக்கட்டும்" என்பார்.

அவர் சொன்னதில் இருந்த இரசாயனம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. சாம்பல் பூத்த தணலில் வெப்பம் குறைவு, அதனால் கரியாது. வாழையிலை சுற்றியிருப்பதால் கொழுப்பு நெருப்பில் சொட்டாது, புகையும் மீனில் படியாது. புளியிலும் உள்ளி போன்ற சரக்குகளிலும் ஊறிய இறைச்சியில் அந்தத் தீய பொருட்கள் குறைவாக உருவாவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூத்தம்மா இதையெல்லாம் படித்தவரல்லர். கருகினால் கைக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

"வருசத்தில் ஒரு நாள்தானே, அதையும் கெடுக்க வேண்டுமா?" என்று என் மச்சி கேட்டாள். நியாயமான கேள்விதான். உண்மையிலேயே ஒரு நாள் என்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். பெருநாளுக்கு ஒரு நாள், ஓகஸ்ட் விடுமுறைக்கு ஒரு நாள், கட்டாரிலிருந்து மாமா வந்தால் ஒரு நாள், கலியாணத்துக்குப் பிறகு ஒரு நாள். எங்கள் 'ஒரு நாள்'களைக் கூட்டினால் ஒரு மாதம் வரும். மேலும், அந்த நாளைக் கெடுக்கச் சொல்லவில்லை. வாப்பாவுக்கும் அது ஒரு நாளாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இந்த வருடம் நானும் ராத்தாவும் முன்கூட்டியே உம்மாவோடு பேசினோம். சொசேஜஸ், மயோனைஸ், சோடா மூன்றையும் பட்டியலிலிருந்து வெட்டினோம். அந்தக் காசுக்குப் பாரை மீனும் கணவாயும் வாங்கினோம். குர்பான் இறைச்சியின் கொழுப்பை நீக்கிச் சிறு துண்டுகளாக்கி, தயிரிலும் தேசிப்புளியிலும் ஊறவைத்தோம். இடையிடையே வெங்காயம், கறிமிளகாய், தக்காளி, அன்னாசி வைத்துக் கம்பியில் கோத்தோம். கோழியை முதலில் அரை அவியலாக அவித்ததும் அப்படியே அடுப்புக்குக் கொண்டுபோனோம். தணலில் அது நிற்க வேண்டிய நேரம் பாதியாகக் குறைந்தது, உள்ளே பச்சையாகவும் இருக்கவில்லை. பணிஸுக்குப் பதிலாக ஆளுக்கொரு சிறு துண்டு சோளன் சுட்டோம். வல்லாரைச் சம்பலும் வெள்ளரிக்காயும் கிண்ணியாத் தயிரும் பெரிய சட்டிகளில் நடுவில் வைத்தோம். குடிக்கத் தேசிக்காய்த் தண்ணீர், சீனி இல்லாமல் உப்பு சிட்டிகையோடு.

சின்னவர்கள் சோடா எங்கே என்று கேட்டார்கள். பத்து நிமிடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிறகு கணவாய்க்குச் சண்டை பிடித்தார்கள்.

வயிற்றில் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பதை நாங்கள் மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். குர்பான் இறைச்சியையும் மூன்றாகப் பங்கிட்டு ஏழைகளுக்கும் உறவினருக்கும் கொடுக்கிறோம். பங்கிடுவதில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாங்கள், பக்கத்தில் இருக்கும் நோயாளியோடு ஒரே உணவைப் பங்கிட ஏன் மறந்தோம்?

அன்று வாப்பா மாமரத்தடிக்குப் போகவில்லை. சாச்சாவிடமிருந்து இடுக்கியை வாங்கி அவரே மீனைத் திருப்பிப் போட்டார். அவரும் ஒரு துண்டு மீன், இரண்டு கம்பி இறைச்சி, நிறையச் சம்பல் சாப்பிட்டார். சோளனில் பாதியை எனக்குத் தந்தார். மறுநாள் காலை மீற்றர் காட்டிய எண் முன்னைய வருடத்தின் பாதிக்குக் கொஞ்சம் மேல். முற்றாகச் சரி என்று சொல்ல முடியாது. உம்மா ஏசவில்லை என்பது மட்டும் உண்மை.

தோழிகளே, வீட்டில் அடுத்த முறை தணல் மூட்டும்போது, இறைச்சி எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன் இன்னொன்றையும் கேளுங்கள். இந்த வளவில் யாருக்காவது தனிக் கோப்பை வரப்போகிறதா? வரப்போகிறது என்றால், நாங்கள் மாற்ற வேண்டியது அந்தக் கோப்பையை அல்ல.