டங்கனும் சேலமும்

ஜப்பானியத் திரைப்படத்தின் மேன்மையை மேனாட்டாருக்கு எடுத்துரைப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டு, 1959இல் ஜோசப் ஆண்டர்சனுடன் இணைந்து அக்கலையின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட அமெரிக்கர் டொனால்டு ரிச்சிக்கு ஜப்பானிய அரசே விருதளித்துக் கௌரவித்ததை எண்ணும்போதெல்லாம், அவரைப் போன்றே ஒஹையோ மாகாணத்தில் பிறந்து, நம் சேலத்துக்கு வந்து படமெடுத்த எல்லிஸ் ஆர். டங்கனைச் சேலத்தாராகிய நாம் எவ்வளவு தூரம் நினைவில் வைத்திருக்கிறோம் என்ற சந்தேகம் எனக்கு எழுவதுண்டு. ரிச்சி பண்டிதர், டங்கனோ தொழில் விற்பன்னர். தமிழறியாத அம்மனிதர்தாம் 1936இல் ‘சதிலீலாவதி’யில் எம்.ஜி.ஆரை முதன்முதலாகத் திரையேற்றினார். ‘சகுந்தலை’யிலும் ‘மீரா’விலும் எம்.எஸ். சுப்புலட்சுமியை இயக்கினார், 1950இல், டி.ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவுக்காக, மு. கருணாநிதியின் வசனம் அனல் பறந்த ‘மந்திரி குமாரி’யையும், பாரதிதாசனின் கதைக்காவியத்தைத் தழுவிய ‘பொன்முடி’யையும் உருவாக்கினார். பாஷை தெரியாதவருக்குப் பாவம் எங்ஙனம் விளங்கும் என்று வினவுவோர், நாடக மேடையை அப்படியே படம் பிடித்துக்கொண்டிருந்த அக்காலத்தில், காமிராவை நகரச் செய்தும் நடிகர் முகத்தை அண்மையிற் காட்டியும் சினிமாவைக் கண்ணுக்குரிய கலையாக்க முனைந்தவர்களுள் அவர் ஒருவர் என்பதை மறந்துவிடுகின்றனர். (வசனத்தில் மயங்கிய நம்மவருக்கு இது சற்றுக் கசக்கலாம்.) ஏற்காடு சாலையில் எஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயிலருகே, சுந்தரத்தின் கீர்த்திக்கு யாதொரு குறைவுமின்றி, டங்கன் பெயராலும் ஒரு கல்வெட்டு நாட்டலாம், அதனினும் மேலாக, சேலம், நாமக்கல் கல்லூரிகள் ஆண்டுக்கொருமுறை அவர் படங்களைத் திரையிட்டு, மாணவர்களை விவாதிக்கச் செய்யலாம். அதற்குப் பெரும் பொருட்செலவும் ஆகாது.