தடைக்கும் ஓர் ஏடு வேண்டும்: பாம்பாற்றின் மீனும் அதை எண்ணாத சட்டங்களும்

கடல் மீன்பிடிப்பைப் பற்றிப் பேசத் தமிழ் ஆய்வுலகுக்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் நடைமுறையாகும் 61 நாள் தடைக்காலம், சுருக்குமடி வலை வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைகள், 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவிக்கை செய்த தனிப் பொருளாதார மண்டல மீன்பிடி விதிகள் என ஒவ்வொன்றும் விவாதிக்கப்படுகிறது. மலையில் பிறக்கும் ஆற்றுக்கு அந்தக் கவனத்தில் சிறு பங்கும் கிடைப்பதில்லை. அங்கே ‘தடை செய்துவிட்டார்கள், இனி மீன் பிழைத்துக்கொள்ளும்’ என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வரி தவறானது. வட்டவடையின் நீரைச் சுமந்து செல்லும் பாம்பாறு அதற்குச் சாட்சி.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் வட்டவடை, காந்தளூர், மறையூர் பகுதிகளின் ஓடைகள் பாம்பாற்றில் சேர்கின்றன. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளுள் இதுவும் ஒன்று. மற்றவை கபினியும் பவானியும். பாம்பாறு சின்னாறு வனவுயிர்ச் சரணாலயத்தைக் கடந்து, கூட்டாற்றில் சின்னாற்றோடு கலந்து, அமராவதி என்னும் பெயரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அணையில் தேங்கி, பின் தாராபுரம் வழியாகக் கரூரை அடைந்து, திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. 2007ஆம் ஆண்டின் தீர்ப்பில் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி. நீரில் பாம்பாற்றுக்கு 3 டி.எம்.சி. என்று வரையறுத்தது. இந்த ஆற்றின் நீரை இரு மாநிலங்களும் சொட்டுச் சொட்டாக அளந்து வாதாடியிருக்கின்றன. அதே நீரில் வாழும் மீனை யார் எண்ணினார்கள் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

சட்டம் இல்லாமையா இதற்குக் காரணம்? இல்லை, சட்டங்கள் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. வட்டவடையின் ஓடையில் வலை வீசுபவரைக் கட்டுப்படுத்துவது 2010ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம். ஆறு சரணாலயத்துக்குள் நுழைந்ததும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதிகாரம் செலுத்துகிறது. எல்லை தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வனத்துறை. அமராவதி நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு; அங்கே பிடிபடுவதில் வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபி மீனே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது. அரசியலமைப்பும் இந்தப் பிளவுக்கு இடம் தருகிறது: மீன்வளம் மாநிலப் பட்டியலில், வனவுயிர் பொதுப் பட்டியலில். எனவே ஒரே மீன், சில பத்துக் கிலோமீட்டர் நீந்துவதற்குள், மீன்துறையின் ‘வள’மாகவும் வனத்துறையின் ‘உயிரின’மாகவும் கழகத்தின் ‘சரக்கா’கவும் மாறிவிடுகிறது. இவற்றுள் எந்தச் சட்டமும் மற்றொன்றின் ஏட்டைத் திறந்து பார்க்குமாறு எவரையும் பணிக்கவில்லை.

இதனால் இழப்பது என்ன என்பதை ஒரு மீனின் வரலாறு காட்டுகிறது. காவிரியின் கூன்முதுகு மஹ்சீர் உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களுள் ஒன்று. 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்றின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. உலகெங்கும் தூண்டில்காரர்களிடையே புகழ் பெற்ற இம்மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியற் பெயர் இருக்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மதுசூதன குரூப், ராதாகிருஷ்ணன் என்னும் கேரள ஆய்வாளர் இருவர் சின்னாறு சரணாலயத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு ‘டோர் ரேமாதேவியி’ என்ற புதிய இனத்தை விவரித்திருந்தனர். அந்தக் குஞ்சுகளும் காவிரியின் பேருருவமும் ஒரே இனம் என்பதை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் உள்ளிட்ட குழுவினர் 2018இல் நிறுவினர். அதன் பின்னரே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது ‘மிக அருகிய இனம்’ என்ற நிலையில் இடம் பெற முடிந்தது. பெயரில்லாத ஒன்றை எந்தப் பட்டியலும் ஏற்காது. பாம்பாறு அந்த மீனுக்கு வாழிடம் மட்டும் தரவில்லை. சட்டத்தின் கண்ணில் படுவதற்கான பெயரையும் தந்தது.

அது அருகிவிட்டது என்பது எப்படித் தெரிய வந்தது என்பதே இந்த விவாதத்தின் மையம். எந்த அரசுத் துறையின் பதிவேட்டிலிருந்தும் அந்தச் செய்தி வெளிவரவில்லை. கர்நாடகத்தில் காவிரிக் கரையிலிருந்த கலிபோர் தூண்டில் முகாமில், பிடித்த மீனை எடை பார்த்து மீண்டும் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரை அங்கே எழுதி வைக்கப்பட்ட குறிப்புகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் உள்ளன. எத்தனை மணி நேரம் தூண்டில் போடப்பட்டது, என்ன மீன், என்ன எடை என்பவை அதில் இருந்தன. ஆய்வாளர்கள் அதைப் பகுத்தபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, பிடிபட்ட மஹ்சீரின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடியிருந்தது. இரண்டாவது, அவற்றில் பெரும்பாலானவை நீலச்செதில் மஹ்சீர் என்னும் வேற்று ஆற்று இனம். கூன்முதுகு மஹ்சீரில் இளம் மீன்கள் ஏறக்குறைய இல்லாமல் போய், சில முதிய பெருமீன்களே எஞ்சியிருந்தன.

இங்கே சற்று நிற்க வேண்டும். அந்த ஏட்டில் ‘மஹ்சீர்’ என்று ஒரே கட்டம் இருந்திருந்தால் அதன் முடிவு என்னவாக இருந்திருக்கும்? எண்ணிக்கை பெருகுகிறது, பாதுகாப்பு வெற்றி என்று அறிக்கை எழுதப்பட்டிருக்கும். இனவாரியாகவும் எடைவாரியாகவும் தனித்தனிக் கட்டங்கள் இருந்ததால்தான் வெற்றி போலத் தோன்றியது பேரிழப்பு என்று தெரிந்தது. பெயரிடுதல் மொழியியலாரின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் இந்த ஏட்டைப் பார்க்கட்டும். ஒரு சொல் இரண்டாகப் பிரிந்ததா இல்லையா என்பதில் ஓர் இனத்தின் வாழ்வு தொங்கியது.

இந்தக் கதையில் தூண்டில்காரர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். நீலச்செதில் மஹ்சீர் தானாகக் காவிரிக்கு வரவில்லை. மகாராஷ்டிரத்தின் லோனாவ்லா பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட குஞ்சுகள் 1970களுக்குப் பின் பாதுகாப்பு என்ற நல்லெண்ணத்தோடும் விளையாட்டு என்ற ஆசையோடும் ஆற்றில் விடப்பட்டன. எந்த ஆற்றில் எந்த இனம் இயல்பானது என்ற கேள்விக்கு அன்று விடை எழுதப்பட்டிருக்கவில்லை. பிழையைச் செய்த வட்டத்தாரே ஏட்டையும் வைத்திருந்ததால்தான் அது வெளிப்பட்டது. 2012இல் சரணாலயத்துக்குள் தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டபோது அந்த ஏடும் மூடப்பட்டது. தடை சரியா தவறா என்பது தனி விவாதம். தடை விதித்தவர்கள் அதற்கு மாற்றாக வேறோர் ஏட்டைத் திறக்க வேண்டும் என்று எண்ணாததுதான் கண்டனத்துக்குரியது. நோயாளியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வெப்பமானியை உடைத்தெறிந்தது போன்ற செயல் அது.

ஏடு இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது, யாருடைய ஏடு என்பதும் முக்கியம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் 1980களிலேயே குறைந்து வருவதாகக் கரையோரச் சிறு மீனவர்கள் முறையிட்டனர். பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிப்பு விகிதம் உயர்ந்தே இருந்ததால் மீன்வளத்துறை அந்த முறையீட்டை ஏற்கவில்லை. எஞ்சிய மீன்கள் ஒரே இடத்தில் திரண்டிருந்ததால்தான் கப்பல்களுக்கு அவ்வளவு பிடிபட்டது. 1992 ஜூலையில் அந்த மீன்பிடிப்பு முழுவதையும் நிறுத்த வேண்டி வந்தது. பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர். கணக்கு இருந்தது. ஆனால் அது ஒரு தரப்பின் கணக்காக இருந்தது.

மலைகளில் அந்த ஒருதரப்புத் தன்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1879இல் நீலகிரிக்கென்று வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் உரிமச் சீட்டு துரைமார்களின் பொழுதுபோக்கை ஒழுங்குபடுத்தியது. நீலகிரியிலும் மூணாறு மலைகளிலும் அயல்நாட்டு டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டவர்களும் அவர்களே. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடுத்தது. அது தேவையான தடையே. அந்தச் சட்டம் குற்றத்தையும் தண்டனையையும் வரையறுத்தது. ஆற்றில் என்ன இருக்கிறது என்று எவரும் எழுதி வைக்கக் கடமைப்பட்டவர் என்று சொல்லவில்லை. சீமான் பிடித்தால் ‘பதிவு’, குடியானவன் பிடித்தால் ‘குற்றம்’ என்ற பாகுபாட்டின் வேர் அங்கே இருக்கிறது. குற்றவாளி ஆக்கப்பட்டவன் தான் கண்டதை ஒருபோதும் எழுதித் தரமாட்டான். அதனால் ஆற்றை அன்றாடம் பார்ப்பவரின் அறிவு முழுவதும் ஏட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இதை மாற்றுவதற்கான சட்ட வழி ஏற்கெனவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 3(1)(ஈ) பிரிவில், நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட விளைபொருள்கள் மீது வனவாழ் சமூகங்களுக்குள்ள உரிமையைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. சரணாலய நிலமும் அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். வனவுயிரையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் பொறுப்பை 5ஆம் பிரிவு கிராம சபைக்கு அளிக்கிறது. உரிமையும் காவலும் ஒரே கையில் வைக்கப்பட்டிருக்கின்றன. முதுவரும் மலைப்புலையரும் வாழும் சின்னாற்றில், அந்தக் கையில் ஒரு குறிப்பேட்டையும் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

குறிப்பேடு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற கேள்வி சிறியதாகத் தோன்றும், அப்படி அல்ல. 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. வட்டவடையில் பேச்சுமொழி இன்றும் தமிழே. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழியாக்கி, தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்றும் ஏற்றது. மனு எழுதுவதற்கு இருக்கும் அந்த உரிமை, விதியைப் படிப்பதற்கும் படிவத்தை நிரப்புவதற்கும் நீளாவிட்டால் என்ன பயன்? தம் மொழியில் படிக்க முடியாத விதியை ஒருவர் மீறுவதற்கும் அறியாமல் இருப்பதற்கும் வேறுபாடு காண எந்த அதிகாரியாலும் இயலாது.

பெயர்களைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் ஆழமானது. ‘மஹ்சீர்’ என்பதே வடக்கிலிருந்து வந்த சொல். அதற்குள் பல இனங்கள் அடங்கிவிடுகின்றன. ஆற்றங்கரைப் பேச்சில் நிறத்தாலும் செதிலாலும் இடத்தாலும் மீனைப் பிரித்தறியும் பெயர்கள் உண்டு. அவற்றைத் திரட்டி அறிவியற் பெயரோடு இணைப்பது மீனியலாரும் மொழியியலாரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி. 2022இல் ‘காந்தளூர்–வட்டவடை வெள்ளைப்பூண்டு’ புவிசார் குறியீடு பெற்றது. சந்தைக்குப் போகும் பூண்டின் ஊர்ப்பெயரை அரசாவணையில் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு ஆற்றில் வாழும் மீனின் பெயரைப் படிவத்தில் ஏற்றுவது இயலாத காரியமா?

‘மலைமக்களைக் கணக்கெழுதச் சொல்வது திருட்டு மீன்பிடிப்புக்கு உரிமச் சீட்டு கொடுப்பதாகும்’ என்று பாதுகாப்பு ஆர்வலர் சிலர் சொல்லக்கூடும். கடலில் கிடைத்த அனுபவம் அந்த அச்சத்துக்கு விடை தருகிறது. கேரளம் 2015இல் 14 கடல் மீனினங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்த அளவை அறிவித்தது. 2017இல் அந்தப் பட்டியல் 58 இனங்களாக விரிந்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர் என்பது போன்ற எளிய அளவு அது. அதை மீறுவோர் இன்றும் உண்டு. ஆயினும் மீறல் எது என்பதை மீனவரும் அதிகாரியும் ஆய்வாளரும் ஒரே அளவுகோலை வைத்துப் பேச முடிகிறது. ஏடில்லாத் தடையில் அந்தப் பொது அளவுகோல் கிடையாது. பிடிபட்டவனும் பிடித்தவனும் மட்டுமே உண்டு. மேலும், தூண்டிலைத் தடுத்தால் ஆறு தூய்மையாகிவிடாது. மேட்டுக் காய்கறி வயல்களிலிருந்து வழிந்தோடும் மருந்து, யூக்கலிப்டஸ் தோப்புகளுக்குக் கீழே மெலியும் ஓடை, அணையிலிருந்து மேலேறக்கூடிய அயல் இனம் ஆகியவற்றுள் எதையும் தடை உத்தரவு எண்ணுவதில்லை. மீன் குறையும்போது குற்றம் சுமத்த எளிதாகக் கிடைப்பவன் வலையோடு நிற்பவனே.

எனவே கோரப்பட வேண்டியவை தெளிவானவை. பாம்பாறும் அமராவதியும் ஒரே ஆறு என்று ஏற்று, இரு மாநிலத் துறைகளும் பகிரும் ஒரே பதிவேடு வேண்டும். அதில் இனம், நீளம், எடை, இடம், நாள், மீன்பிடித்த நேரம் ஆகியவை தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். படிவமும் விதியும் தமிழிலும் மலையாளத்திலும், ஊர்ப்பெயர்களோடு வர வேண்டும். எழுதித் தருபவர் மீது அந்த எழுத்தையே சான்றாக வைத்து வழக்குத் தொடுக்கப்படாது என்ற உறுதி வேண்டும். நீர்த்தேக்கத்தில் எந்த இனக் குஞ்சு எப்போது விடப்பட்டது என்பதைக் கழகமும் அதே ஏட்டில் எழுத வேண்டும். அந்த ஏடு பல்கலைக்கழகங்களுக்கும் கிராம சபைகளுக்கும் ஒருசேரத் திறந்திருக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. தூண்டில் போட வந்த பொழுதுபோக்காளர்கள் பதினான்கு ஆண்டுகள் செய்ததை இரண்டு அரசுகளால் செய்ய முடியாது என்று எவரும் வாதிட முன்வர மாட்டார்கள். பாம்பாற்றில் பெயர் பெற்ற மீன் பாம்பாற்றில் இன்னும் எத்தனை இருக்கிறது என்ற கேள்விக்கு எண்ணால் விடை சொல்லும் நாளில்தான் அங்குள்ள தடை பாதுகாப்பு என்று அழைக்கப்படும் தகுதியைப் பெறும்.